கழுத்தைக் காட்டுகிறவள்

என் கழுத்தில் தழும்பு கிடையாது. அதைப் பத்துப் பேரிடம் பெருமையாகக் காட்டி முடித்துவிட்டு, பதினோராவதாக வந்தவளின் ஆறு மாதத்தை நான் தின்றுவிட்டேன். இப்படி எழுதினால் என் கணவர் ராமசுவாமிக்குப் பிடிக்காது. "நீ என்ன டாக்டரா? படிச்சவங்க, அவங்களா முடிவு பண்ணினாங்க. நீ எதுக்குத் தலையில தூக்கி வச்சுக்கறே?" என்பார். நல்ல மனசு அவருக்கு. எனக்கு இப்போதெல்லாம் நல்ல மனசுக்காரர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. நானும் நல்ல மனசோடுதான் இதைச் செய்தேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்குத் தைராய்டில் ஒரு கட்டி வந்தது. சின்ன நெல்லிக்காய் அளவு. ஊசி குத்திப் பார்த்து, கெட்டது இல்லை, ஆனால் வளர்கிறது, எடுத்துவிடலாம் என்றார்கள். கழுத்தை அறுக்கப் போகிறார்கள் என்று நான் வீட்டை ரெண்டுபடுத்தினேன். டாக்டர் சிரித்தார். கழுத்தைத் தொடவே மாட்டாராம். கீழ் உதட்டுக்கு உள்பக்கம், ஈறை ஒட்டி மூன்று சின்னத் துளை போட்டு, அந்த வழியாகக் கேமராவையும் கருவியையும் தாடைக்கு அடியில் இறக்கி, கட்டியை வாய் வழியாகவே வெளியே எடுத்துவிடுவாராம். சொன்னபடி செய்தார். ஒரு வாரம் மோவாய் வீங்கிக் கிடந்தது. ஆறின கஞ்சியைக் குடித்துக்கொண்டு எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பத்தாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் ஐம்பது வயதுக் கழுத்து, சுருக்கம் உட்பட, வைத்தது வைத்தபடி இருந்தது.

நாங்கள் தெலுங்கும் உருதுவும் கலந்து புழங்குகிற நகரத்தில், மெட்டுகுடா பக்கம் இருக்கிறோம். ராமசுவாமிக்கு மத்திய பாதுகாப்புத் துறையில் வேலை. கல்யாணமான கையோடு இந்த ஊருக்கு வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. மகள் ஸ்ரேயா வேலைக்காகப் புனேவுக்குப் போன பிறகு வீட்டில் என் வாய்க்கு ஈடுகொடுக்க ஆள் இல்லை. அந்த நேரத்தில்தான் ஆரோக்கியமேரியின் போன் வந்தது. ஆரோக்கியமேரி நான் ஆபரேஷன் செய்துகொண்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாகர்கோவில்காரி. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளை உட்காரவைத்து விளக்கிச் சொல்வது அவள் வேலை.

"ஆன்ட்டி, இங்க ஒரு தமிழ் அக்கா வந்திருக்காங்க. பயந்து நடுங்குறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. ஒருக்கா வந்து உங்க கழுத்தைக் காட்டிட்டுப் போவீங்களா?"

போனேன். ஆஸ்பத்திரி கேன்டீனில், ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, மோவாயைத் தூக்கி, "எங்க அறுத்தாங்கன்னு கண்டுபிடி பாப்போம்" என்றேன். அந்தப் பெண் போன் டார்ச்சை அடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தோற்றுப்போனாள். அதற்கப்புறம் கீழ் உதட்டைப் பிதுக்கிக் காட்டினேன். அவள் முகத்தில் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு என்னால் வந்தது. வீட்டில் சாம்பார் வைத்து இப்படி ஒரு சிரிப்பை நான் யாரிடமும் வாங்கியதில்லை.

அதன்பிறகு மாதம் ஒருத்தியாவது வருவாள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஐ.டி. வேலைக்கு வந்த பெண்கள். இந்த ஊரில் நாலு மனுஷரைத் தெரியாதவர்கள். பத்துப் பேர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்துகொண்டார்கள். பத்துப் பேரும் நன்றாக இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். அந்த டாக்டர் கை சுத்தம். யாருக்கு வாய் வழியாகச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்று பார்த்துத்தான் செய்வார். கழுத்துக்கு எடுப்பான ரவிக்கை எது, மெல்லிசுச் சங்கிலி போடலாமா என்று நானே கூடுதலாக ஒரு வகுப்பும் எடுப்பேன். "நாம்பல்லி எக்ஸிபிஷன்ல ஒரு ஸ்டால் போட்டுடு ரமா. நான் வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கறேன்" என்பார் ராமசுவாமி. கேலிதான். ஆனால் எனக்குத் தலைகால் புரியாமல் போனது அப்போதுதான்.

நித்யஸ்ரீ வந்தது பிப்ரவரியில். முப்பத்தேழு வயது. மதுரை பக்கம் மேலூர். கணவன் சுதர்சனும் அவளும் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு உப்பலில் வாடகை வீட்டில் இருந்தார்கள், இரண்டே பேர். அவள் டாக்டர் அறையில் இருந்தபோது ஆரோக்கியமேரி என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, இவங்களுக்கு வாய் வழியா ஆகாது. கட்டி பெரிசு, மூச்சுக்குழாய ஒட்டிப் பின்னால இருக்கு. ஊசி ரிப்போர்ட்டும் சரியில்ல, கேன்சராத்தான் இருக்கும்ணு டாக்டர் சொல்றாங்க. கழுத்தத் திறந்து, பக்கத்துல இருக்க நெறிக்கட்டியையும் சேத்து எடுக்கணும். ரெண்டு மூணு வாரத்துக்குள்ள செஞ்சிரணும். நீங்க சும்மா தைரியம் மட்டும் சொல்லி அனுப்புங்க, என்ன?"

"ஹவ், ஹவ், சொல்றேன்" என்றேன். இந்த ஊரில் ரொம்ப நாள் இருந்தால் ஆமாம் என்பது இப்படித்தான் வாயில் வருகிறது. ஆக, எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெளிவாக, தமிழில், என் காதில் சொன்னாள்.

கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்த நித்யஸ்ரீ டீயைத் தொடவில்லை. கேன்சரா என்று அழுவாள், கைக்குட்டையை நீட்டலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவள் கேன்சரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"தழும்பு எவ்வளவு நீளம் இருக்கும்க்கா?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கழுத்துல குறுக்க. இங்கருந்து இதுவரைக்கும்." விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். "அம்மா இதைப் பாக்கக் கூடாதுக்கா. பாத்தா செத்துரும்."

அப்புறம் சொன்னாள். அவளுக்கு ஓர் அக்கா, பெயர் தங்கம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் புகுந்த வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்தவள், ஒரு மத்தியானம் தூக்கில் தொங்கிவிட்டாள். கதவை உடைத்து இறக்கியது அம்மாதான். கழுத்தில் கயிறு பதிந்த தடம் இருந்ததாம். அன்றைக்குப் பிறகு அம்மா நித்யஸ்ரீயைக் கழுத்தை ஒட்டி நகை போட விட்டதில்லை. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டாலே வந்து உருவிவிடுமாம். "என் கழுத்துல ஒரு கோட்டோட நான் எப்படி மேலூருக்குப் போய் நிக்கிறது?" என்றாள்.

அழகுக்காகக் கேட்டிருந்தால், போடி, உயிர் முக்கியமா தோல் முக்கியமா என்று திட்டியிருப்பேன். இது அப்படி இல்லையே. ஒரு தாய்க்காகக் கேட்கிறாள். தைரியம் மட்டும் சொல்லி அனுப்ப வந்தவள் நான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கோடே விழாம நான் ஏற்பாடு பண்றேன். இந்த ஒரு டாக்டர்தானா ஊர்ல?" என்றேன்.

ஏற்பாடு செய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டே நாளில் கண்டுபிடித்தேன். ஊரின் மறு கோடியில் புதிதாகத் திறந்த ஓர் ஆஸ்பத்திரி. அக்குள் வழியாக ரோபோ கையை விட்டுத் தைராய்டை எடுப்பார்களாம். தழும்பு அக்குளுக்குள் ஒளிந்துகொள்ளுமாம். நானே நித்யஸ்ரீயைக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "செய்யலாம் என்று இப்போது சொல்ல முடியாது. மெஷின் வரட்டும், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை சும்மா இருக்காதீர்கள், வேறு இடத்திலும் கேளுங்கள்" என்றார். அவரும் தப்பாகச் சொல்லவில்லை. நான்தான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். வெளியே மேஜையில் இருந்த மேனேஜரைக் கேட்டால், ஏப்ரல் கடைசியில் மெஷின் வந்துவிடும் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உப்பலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுதர்சன் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அக்கா, அந்த டாக்டர் ரெண்டு மூணு வாரம்னு சொல்லியிருக்காரு. கழுத்துல தழும்பு இருந்தா இருந்துட்டுப் போகுது. எனக்குப் பயமா இருக்கு."

"கழுத்து உங்களுதா தம்பி, அவளுதா?" என்றேன்.

அவன் சிவந்துபோனான். "அப்ப அத்தைகிட்டயே கேட்டுருவோம். இந்த மாதிரி ஆபரேஷன், இந்த மாதிரி தழும்பு வரும்னு போன்ல பக்குவமா சொல்லிப் பாப்போம். அவங்க என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சுரும்ல" என்றான்.

அந்த வீட்டில் அன்றைக்கு ஒருத்தன்தான் புத்தியோடு பேசினான். அவனை நான் விடவில்லை.

"நல்லா இருக்கே! ஒரு பொண்ணைத் தூக்குலேர்ந்து இறக்கின தாய்கிட்ட, இன்னொரு பொண்ணோட கழுத்தை அறுக்கலாமான்னு போன் போட்டுக் கேப்பீங்களா? மனுஷா செய்யற காரியமா அது? அந்த அம்மா அங்கேயே விழுந்துட்டா யார் பதில் சொல்றது?"

சுதர்சன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். நித்யஸ்ரீ என்னைப் பார்த்தாள். நன்றியோடு பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை போதுமாக இருந்தது. வரும் வழியெல்லாம் மெட்ரோவில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்பேர்ப்பட்ட காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

ஏப்ரல் கடைசி ஜூன் ஆனது. ஏதோ அனுமதிக் காகிதம், ஏதோ பாகம் துறைமுகத்தில் நிற்கிறது என்று மேனேஜர் ஒவ்வொரு முறையும் ஒன்று சொன்னார். நான் அதை நித்யஸ்ரீக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், கூடவே கூப்பின கை ரெண்டு. ஆரோக்கியமேரி இரண்டு தடவை போன் செய்து, "ஆன்ட்டி, அந்த உப்பல் அக்கா திரும்ப வரவே இல்லையே, எங்க செஞ்சாங்க?" என்று கேட்டாள். ஏற்பாடு ஆகிக்கொண்டிருக்கிறது என்று மழுப்பினேன். "நக்கோ ரமா, வேண்டாம், இதுல தலையிடாதே" என்று ராமசுவாமி ஒரு நாள் சொன்னார். அவருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சொல்லப்போவதை அவரிடம்கூட நான் சொன்னதில்லை. ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை, நித்யஸ்ரீ போன் செய்தாள்.

"அக்கா, முடியலக்கா. தினமும் கழுத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன். பெரிசாயிருச்சோன்னு தோணுது. பேசாம அந்த டாக்டர்கிட்டயே போயி, திறந்தே பண்ணிக்கிரட்டுமா?"

"சரி, போ" என்றால் போதும். இரண்டே எழுத்து, ஓர் எழுத்து. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இவ்வளவு நாள் பொறுத்தாச்சு, இன்னும் ஒரே ஒரு மாசம். அம்மாவை நினைச்சுக்கோ."

அம்மாவை நினைத்துக்கொண்டாள். ஜூலை போனது. போனாலு என்கிற அம்மன் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் மேளம். அந்தச் சத்தத்தில் போனில் அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். சத்தம் ஓய்ந்த பிறகும் குரல் அப்படியேதான் இருந்தது, கரகரவென்று, பாதி காற்றாக. ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். அந்த யோசனையை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே ஒரு அடி போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆகஸ்டில், படிக்கட்டில் ஒரு மாடி ஏறியவள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். சுதர்சன் யாரையும் கேட்கவில்லை. நேரே பழைய டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனான். அந்த மனுஷர் ஏன் இத்தனை நாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். மறுநாளே ஆபரேஷன். ஏழு மணி நேரம். காதுக்குக் கீழே தொடங்கி, கழுத்தைக் குறுக்காகக் கடந்து, மறுபக்கம் வரை திறந்தார்கள். திறந்தும் முழுசாக எடுக்க முடியவில்லை. மூச்சுக்குழாயைச் சுற்றிப் பின்னிக்கொண்டு, நெஞ்சுக்குள்ளும் இறங்கியிருந்ததாம். எடுத்த வரைக்கும் எடுத்துவிட்டு, மூச்சு விடுவதற்குத் தொண்டைக்குழியில் ஒரு குழாயை வைத்து மூடினார்கள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. போனில் எழுதிக் காட்டுவாள்.

டாக்டர் சுதர்சனை உட்காரவைத்துப் பேசியபோது நானும் ஓரமாக நின்றேன், யாரும் போகச் சொல்லவில்லை. கட்டியின் ரகம் மாறியிருக்கிறது, இது அரிது, மருந்துக்கு அதிகம் அடங்காது. கதிர்வீச்சுக் கொடுத்துப் பார்க்கலாம். தீபாவளியைத் தாண்டினால் பெரிது. சுதர்சன், "பிப்ரவரியிலேயே வந்திருந்தா?" என்று கேட்டான். டாக்டர் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்போதே இந்த ரகம் இருந்ததா, நடுவில் மாறியதா, யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்" என்றார். கருணையாகத்தான் சொன்னார். ராமசுவாமி இதைத்தான் தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார், யாராலும் சொல்ல முடியாதாம். அதனால்தான் எனக்கு விடிவே இல்லை. நிச்சயமாக நான்தான் என்று ஒருவர் சொல்லிவிட்டால்கூட அழுது தீர்த்துவிடுவேன்.

மேலூரில் இருந்த அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நித்யஸ்ரீக்கு வேலை அதிகம், மீட்டிங், தொண்டை கட்டியிருக்கிறது என்று சுதர்சன் நாள் கடத்தினான். ஆபரேஷன் முடிந்த பதினைந்தாம் நாள் காலையில் அவனுக்குப் போன் வந்தது. அந்த அம்மா காச்சிகுடா ஸ்டேஷனில் நிற்கிறார். மதுரையில் ரயில் ஏறி, தன்னந்தனியாக வந்து இறங்கிவிட்டார்.

சுதர்சன் அன்றைக்கு முதன்முறையாக என்னைக் கூப்பிட்டான். "அக்கா, நித்யா பக்கத்துல ஆள் வேணும். நான் ஸ்டேஷனுக்குப் போயி உண்மையச் சொல்லிக் கூட்டிட்டு வந்துர்றேன்."

நான் ஓடினேன். வார்டுக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம், என் தோளில் கிடந்த சால்வையை எடுத்து நித்யஸ்ரீயின் கழுத்தை மூடியதுதான். குழாய் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, தையல் தெரியாதபடி இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து விட்டேன். அவள் மறுக்கவில்லை. ஆள் பாதியாக உருகிப்போய், படுக்கையில் சாய்ந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வள்ளியம்மாள் என்ற அந்த அம்மாவை அன்றைக்குத்தான் பார்த்தேன். அறுபத்திரண்டு வயது என்று சொல்ல முடியாது. நிமிர்ந்த நடை, வெயிலில் காய்ந்த முகம், கையில் ஒரு கட்டைப் பை. ஆறு மாதமாக நான் மனசில் வைத்திருந்த அம்மா, தொட்டால் விழுந்துவிடுகிற ஒரு ஆள். இவர் அப்படி இல்லை. உள்ளே வந்து பையைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அப்புறம் நேராக வந்து சால்வையை எடுத்துக் கட்டில் கம்பியில் போட்டார்.

சுதர்சன் அவரைத் தாங்கிப் பிடிக்க ஓரடி முன்னால் வந்தான். நானும்தான்.

அந்த அம்மா குனிந்து, காதுக்குக் கீழே தையல் தொடங்கும் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். தொடவில்லை, ஒரு விரலை மேலாக வைத்துக்கொண்டு மறு கோடி வரைக்கும் கொண்டுபோனார்.

"நல்லாத்தான் தச்சிருக்காக" என்றார். "எத்தனை தையலு?"

யாருக்கும் தெரியவில்லை.

"ஏன்த்தா எனக்குச் சொல்லல?" என்று மகளிடம் கேட்டார். நித்யஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் இரண்டு பக்கமும் ஓடியது. சுதர்சன் உடைந்துவிட்டான்.

"இந்தத் தழும்ப நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் அத்தை. அக்காவ நீங்க அப்படிப் பாத்ததுக்கப்புறம், இவ கழுத்துலயும் ஒரு கோடுன்னா... தழும்பு இல்லாத ஆபரேஷனுக்காகத்தான் ஆறு மாசமா காத்துக்கிட்டு இருந்தோம்."

"கோடா?" அந்த அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. அவனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தங்கத்தக் கயித்துல இருந்து எறக்குனவ நானு. கழுத்தத் தொடச்சுக் குளுப்பாட்டுனவளும் நானு. சாகப் போன கழுத்து எது, பொழைக்க வைக்க அறுத்த கழுத்து எதுன்னு எனக்குத் தெரியாதா? ஒடம்பு பூரா நூறு தழும்போட வந்து நின்னாலும், எம்மக உசுரோட நிக்கிறால்லன்னு கும்புட்டிருப்பேனே. யாரு சொன்னா, நான் தாங்க மாட்டேன்னு?"

சுதர்சன் என் பக்கம் திரும்பவில்லை. அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அவன் காட்டிக்கொடுத்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.

அந்த அம்மா என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். என் முகத்தை, அப்புறம் என் கழுத்தை.

"நீங்க என்னைய இதுக்கு முன்ன பாத்திருக்கீகளா?"

"இல்லம்மா."

"போன்லயாச்சும் ஒரு வார்த்தை பேசியிருக்கீகளா?"

"இல்லை."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அடித்திருந்தால் நின்றிருப்பேன். அவர் என்னை விட்டுவிட்டு மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, முடியை ஒதுக்கிச் சிக்கெடுக்கத் தொடங்கினார். சுதர்சன் முகத்தைக் கழுவ வெளியே போனான். என்னால் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

நித்யஸ்ரீ கையை நீட்டினாள். போனைக் கேட்கிறாள் என்று எடுத்துக் கொடுத்தேன். ஏதோ எழுதி, அம்மாவுக்குத் தெரியாமல் என் பக்கம் திருப்பினாள்.

'மிச்சத்த அம்மாகிட்ட சொல்லாதீங்கக்கா.'

மிச்சம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் நடந்ததை மட்டும்தான் சுதர்சன் வழியில் சொல்லியிருந்தான் போலிருக்கிறது, முழுசாக எடுக்க முடியாததையும் தீபாவளிக் கெடுவையும் சொல்லவில்லை. அவர் கேட்டுவிடக் கூடாதே என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டார். சீப்பை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல், ஆனால் என்னைத்தான் கேட்டார். அந்த அறையில் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டாகல்ல? இனி சரியாயிரும்ல?"

இவ்வளவையும் கேட்ட பிறகு, நான் தாங்க மாட்டேன் என்று யார் சொன்னது என்று அந்த அம்மா வாயாலேயே கேட்டுவிட்ட பிறகு, மனுஷியாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் தாங்குவார். எனக்கு அது இப்போது நன்றாகத் தெரியும். நித்யஸ்ரீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிப்ரவரியில் கேன்டீனில் பார்த்த மாதிரி, எப்படியாவது ஏற்பாடு செய்துவிடுங்கள் என்று.

"ஆயிடும்மா" என்றேன். "பொங்கலுக்கு ஊருக்கே வந்துடுவா."

வள்ளியம்மாள் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "அப்பச் சரி. இந்த வாட்டி நாத்து நல்லா வந்திருக்கு. புது அரிசி இவளுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறேன்" என்றார்.

"எடுத்து வையுங்கம்மா" என்றேன்.